காம்பு இல்லாட்டியும் அம்மாதான்

பள்ளிக்கூடத்துல விலங்கியல் படிச்ச எல்லாருக்கும் பிளாட்டிபஸ் ஞாபகம் இருக்கும். "முட்டையிடும் பாலூட்டி, ஒரு விதிவிலக்கு". ரெண்டு மார்க் கேள்வி, அதோட சரி. எனக்கு அந்த 'விதிவிலக்கு'ங்கற வார்த்தை மேலதான் கோபம். ஏன்னு சொல்றேன்.

முட்டையிடும் பாலூட்டிகள்னு இன்னிக்கு மிச்சம் இருக்கறது ஆஸ்திரேலியாவில் பிளாட்டிபஸ், அங்கேயும் நியூ கினியிலும் எக்கிட்னா. அவ்வளவுதான். ரெண்டுக்கும் காம்பு கிடையாது. வயிற்றுத் தோலில் ரெண்டு இடத்தில் பால் கசியும், குட்டி வாய் வைத்து உறிஞ்சிக்கும்.

1824-ல் ஜெர்மனியின் மெக்கெல் பிளாட்டிபஸ்ஸுக்குப் பால் சுரப்பி இருக்குன்னு சொன்னார். பிரான்சின் ஜெஃப்ராய் சாந்திலேர், அது பால் சுரப்பியே இல்லைன்னு ஒத்தைக்கால்ல நின்னார். முட்டை போடறதுக்குப் பால் எதுக்கு? இங்கிலாந்தின் ரிச்சர்ட் ஓவன் பாலை ஒத்துக்கிட்டார், முட்டையை ஒத்துக்கலை! 1884-ல் கால்ட்வெல் நேரில் போய் முட்டையைப் பார்த்த பிறகுதான் வழக்கு முடிஞ்சது. அறுபது வருஷம்!

சரி, ஹார்மோன் கதைக்கு வருவோம். பால் விஷயத்தில் வேலை ரெண்டு. பாலை உண்டாக்கறது ப்ரோலாக்டின். உண்டான பாலை வெளியே தள்ளறது ஆக்சிடோசின். குட்டி சப்பினதும் சேதி மூளைக்குப் போகும், பிட்யூட்டரியிலிருந்து ஆக்சிடோசின் கிளம்பும், சுரப்பியைச் சுத்தி இருக்கற செல்கள் இறுக்கிப் பிழியும். எக்கிட்னாவுக்கு ஆக்சிடோசின் ஊசி போட்டாலும் பால் இறங்கும். ஆஸ்திரேலிய விஞ்ஞானி மெர்வின் கிரிஃபித்ஸ் அப்படித்தான் பால் எடுத்து ஆராய்ச்சி செய்தார்.

இதில் ஒரு வேடிக்கை. ஆக்சிடோசின் என்பது ஒன்பது அமினோ அமிலம் கோத்த சின்னச் சங்கிலி. குட்டி போடும் கங்காருவிடம் இருப்பது அதில் ஒன்றே ஒன்று மாறிய மீசோடோசின். முட்டை போடும் பிளாட்டிபஸ்ஸிடம் இருப்பதோ நம்ம வீட்டுத் தாய்மாருக்குச் சுரக்கும் அதே ஆக்சிடோசின். இப்ப யாருங்க விதிவிலக்கு?

ப்ரோலாக்டின் இன்னும் பழசு. மீனுக்கு உடம்பில் உப்பையும் தண்ணியையும் சரிபார்ப்பது அதுதான். புறா குஞ்சுக்கு ஊட்டும் 'தொண்டைப் பால்' சுரப்பதும் அதனால்தான். அதாவது, பாலுக்கு முன்னாடியே ஹார்மோன் வந்துடுச்சு. பெண்களுக்கு நஞ்சுக்கொடி விழுந்ததும் புரொஜெஸ்டிரோன் குறைந்து பால் கட்டும். பிளாட்டிபஸ்ஸுக்கு அந்தக் கட்டமே இல்லை. முட்டையை வெளியே விட்டு, சுமார் பத்து நாள் அடைகாத்து, குஞ்சு பொரிந்ததும் பால் ஊட்டுது. பிரசவமும் காம்பும் இப்ப இருக்கற மாதிரி அமையறதுக்கு முன்னாடியே பால் இருந்திருக்குன்னுதான் எனக்குத் தோணுது.

1758-ல் லின்னேயஸ் 'மம்மாலியா'ன்னு பேர் வச்சார். லத்தீனில் 'மம்மா' என்றால் முலை. உறுப்பைப் பார்த்து வச்ச பேர். தமிழில் நாம சொல்றது பாலூட்டி. செய்யற காரியத்தைப் பார்த்து வச்ச பேர். அந்தப் பேர் பிளாட்டிபஸ்ஸுக்குக் கச்சிதமா பொருந்துது. அப்புறம் எதுக்கு அதை வாசலுக்கு வெளியே நிக்க வச்சு 'விதிவிலக்கு'ன்னு சொல்லணும்?

பாடப்புத்தகம் எழுதறவங்க அந்த ஒரு வார்த்தையை எடுத்துட்டு, 'பழைய வழியில் பாலூட்டுபவை'ன்னு போட்டா என்ன குறைஞ்சிடும்? நீங்க என்ன நினைக்கறீங்க?