ஆட்டம் நின்ற நாட்களில் ஒரு குரல்

கொரோனா பரவலால் 2020 மார்ச் 11 அன்று அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்துத் தொடர் நிறுத்தப்பட்டது. மறுநாளே ஐஸ் ஹாக்கியும் நின்றது. இனி விளையாட்டுப் பேச்சு வானொலிக்கு என்ன வேலை என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் அந்த நிலையங்களின் மூலதனம் ஸ்கோர் அல்ல, தொலைபேசியில் வாதாடும் ஊர்க்காரரின் குரல். அதே மாதம், 20 சீசன் ஆடிய பாஸ்டன் பகுதி அணியை விட்டு அமெரிக்கக் கால்பந்து வீரர் டாம் பிராடி டாம்பா பே அணிக்குப் போனார். பாஸ்டன் நேயர்களுக்கு வாதாட அது போதும்: பழைய அணி வென்ற ஆறு கோப்பைகளும் பிராடியால் வந்தவையா, பயிற்சியாளர் பெலிசிக்கால் வந்தவையா? பழங்கதையை எத்தனை நாள் அரைப்பது, விளம்பரம் வராதே என்பது நியாயமான கேள்விதான். விளம்பர வருவாய் சரிந்தது உண்மை. அதற்காக உள்ளூர்த் தொகுப்பாளரை அனுப்பிவிட்டு, எங்கிருந்தோ வரும் பொது நிகழ்ச்சியை ஒலிபரப்புவது விதைநெல்லை விற்பதாகும். வீட்டுக்குள் அடைபட்ட நேயர் தேடியது பழகிய குரலை. நிலைய உரிமையாளர்களே, செலவைக் குறைக்கும்போது அந்தக் குரலில் மட்டும் கைவைக்காதீர்கள்.