அம்மா... ஏதோ நெடி அடிக்குது!

குழந்தைக்கு 'அ, ஆ' சொல்லித் தருகிறோம். கலர் சொல்லித் தருகிறோம். விருந்தாளி வந்தால் ரைம்ஸ் சொல்லச் சொல்கிறோம். முகரச் சொல்லித் தந்திருக்கிறோமா? 'ஆஹா, வாசனை', 'சீ... நாத்தம்' என்ற இரண்டோடு நம் பாடம் முடிந்துவிடுகிறது.

வடசென்னையில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இது போதவே போதாது.

2023 டிசம்பர் 26 நள்ளிரவு. எண்ணூர் பெரியகுப்பம் அருகே, உரத் தொழிற்சாலைக்குக் கடலுக்கடியில் வரும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. தூங்கிய ஜனங்களை எழுப்பி வீதிக்கு ஓட வைத்தது அந்த நெடிதான். 50 பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். 2024 அக்டோபர் 25 அன்று திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் நெடி பரவி, மாணவிகள் பலர் தொண்டை எரிச்சலும் மூச்சுத் திணறலுமாகத் தவித்தார்கள். சிலர் மயங்கியே விழுந்தார்கள். நவம்பர் 4 அன்று பள்ளி திறந்ததும் மறுபடி அதே கதை!

மூக்குக்கு ஒரு பலவீனம் உண்டு. ஒரே வாடையில் கொஞ்ச நேரம் இருந்தால் பழகிப் போகும். வீட்டுக்குள்ளேயே இருக்கும் நமக்குத் தெரியாதது, ஸ்கூலிலிருந்து வரும் குழந்தைக்கு வாசற்படியிலேயே தெரிந்துவிடும். அப்போது, "நம்ம ஏரியான்னா அப்படித்தாண்டா, போய் ஹோம்வொர்க் எழுது" என்று அதன் வாயை அடைக்காதீர்கள். அடுத்த முறை அது சொல்லவே சொல்லாது.

பழக்குவது சுலபம். கண்ணை மூடச் சொல்லி பெருங்காயம், சீரகம், காபித்தூள், வேப்பிலை என்று ஒவ்வொன்றாக நீட்டுங்கள். காசிமேட்டு மீன் வாங்கி வந்தால் கவிச்சியையும் காட்டுங்கள். கூடவே வார்த்தையும் கொடுங்கள்... ஊசல், கருகல், புகை, நெடி! 'பேட் ஸ்மெல்' என்பதைவிட, 'முட்டை அழுகின மாதிரி இருக்கு', 'மூக்கு எரியுது' என்று சொன்னால், டாக்டருக்கும் தீயணைப்பு வீரருக்கும் அது பெரிய தகவல். மண்ணெண்ணெய், ஆசிட், பினாயில் பக்கம் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம்.

சமையல் கேஸுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். அந்த வாடை வந்தால் குழந்தை ஸ்விட்சைத் தொடாமல் வெளியே வந்து பெரியவர்களிடம் சொல்லணும். நீங்கள் 1906-க்கு போன் செய்யுங்கள்.

இன்னொன்று. நாற்றம் போய்விட்டால் ஆபத்தும் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அழுகிய முட்டை வாடை கொண்ட ஹைட்ரஜன் சல்ஃபைடு, அளவு கூடினால் முகரும் சக்தியையே மரக்க வைத்துவிடும். கார்பன் மோனாக்சைடுக்கோ வாசனையே கிடையாது. சளி விட்ட பிறகும் குழந்தைக்கு வாசனை தெரியவில்லை என்றால், காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

தொழிற்சாலைகளைக் கண்காணிப்பது அதிகாரிகளின் பொறுப்பு. அதைக் குழந்தையின் மூக்கில் கட்டிவிட முடியாது. ஆனால், "அம்மா, ஏதோ நெடி அடிக்குது" என்று அது ஓடி வரும்போது, அடுப்பை அணைத்துவிட்டு, கூடவே வாசலுக்கு வந்து முகர்ந்து பார்ப்பது நம் பொறுப்புதானே!