பாட்டரியின் மீது பழி போடலாமா?

காலையில் கார் கிளம்பவில்லை என்றால் நம் ஊர்களில் உடனே வழங்கப்படும் தீர்ப்பு ஒன்றே ஒன்றுதான்: "பாட்டரி போய்விட்டது." விசாரணை இல்லை, சாட்சி இல்லை. சில ஆயிரம் ரூபாய் செலவழித்துப் புதுப் பாட்டரி பொருத்துகிறார்கள். சில நாட்களில் அதுவும் படுத்துக்கொள்கிறது! இந்தப் பழக்கத்தை மாற்றக் கூடியவர்கள் பள்ளி மாணவர்களாகிய நீங்களே என்பது என் கருத்து.

பெட்ரோல் கார் கிளம்பி ஓட மின்சாரம் மூன்று வேலைகளைச் செய்கிறது.

முதல் வேலை, நின்று கிடக்கும் எஞ்சினைச் சுற்றிவிடுவது. ஒரு காலத்தில் இரும்புக் கைப்பிடியைச் செருகிக் கையால் சுற்றினார்கள். அது எதிர்த்து உதைத்துக் கை எலும்பு முறிந்தவர்கள் பலர். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் இடம்பெற்றது. கைப்பிடி மெல்ல மறைந்தது. இரண்டாம் வேலை, 12 வோல்ட்டை இக்னிஷன் காயில் மூலம் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்தி, ஸ்பார்க் பிளக்கில் மின்பொறி உண்டாக்குவது. மூன்றாம் வேலை, செலவான மின்சாரத்தை ஈடுசெய்வது. எஞ்சின் ஓடும்போது பெல்ட் மூலம் சுழலும் ஆல்ட்டர்னேட்டர் இதைச் செய்கிறது. அது தரும் மாறுதிசை மின்னோட்டத்தை டயோடுகள் நேர்திசையாக்குகின்றன.

இவை எங்கோ தொலைவில் செய்யப்படும் பொருள்கள் அல்ல. 1961-இல் தொடங்கப்பட்ட லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனம், சென்னை பாடியிலுள்ள தன் தொழிற்சாலையில் ஸ்டார்ட்டர்களையும் ஆல்ட்டர்னேட்டர்களையும் செய்துவருகிறது. திருவள்ளூர் மாவட்டத்து ஆரணியிலிருந்து பேருந்தில் போய்வரக் கூடிய தூரம்தான்.

இனி ஒரு கேள்வி. டார்ச் விளக்குக்குப் போடும் 1.5 வோல்ட் மின்கலங்கள் எட்டினைத் தொடராக இணைத்தாலும் 12 வோல்ட் கிடைக்கும். அதைக் கொண்டு காரைக் கிளப்பலாமா? முடியாது. காரின் ஸ்டார்ட்டர் 100 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும். டார்ச் மின்கலத்தின் அகமின்தடை மிகுதி. சில ஆம்பியருக்கு மேல் அதனால் தர இயலாது. ஈய-அமிலப் பாட்டரியின் அகமின்தடையோ ஓர் ஓமில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. தேர்வுக்காக நீங்கள் மனப்பாடம் செய்யும் அகமின்தடை என்பது இதுவே.

இதே கணக்கைப் பாட்டரி முனையிலும் போட்டுப் பாருங்கள். முனைக்கும் அதைப் பிடித்திருக்கும் கவ்விக்கும் இடையே வெள்ளையும் பச்சையுமாக உப்புப் படிந்திருக்கிறது. அதன் மின்தடை வெறும் 0.02 ஓம் எனக் கொள்வோம். 150 ஆம்பியர் பாயும்போது ஓம் விதிப்படி 3 வோல்ட் அங்கேயே இழக்கப்படும். ஸ்டார்ட்டர் முக்கி முனகி நின்றுவிடும். குற்றவாளி உப்பு, தண்டனை பாட்டரிக்கு!

ஆகவே அளந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். சில நூறு ரூபாய் மல்ட்டிமீட்டர் ஒன்று போதும். பாட்டரி முனைகளில் மூன்று அளவுகள் எடுக்க வேண்டும். ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் இருந்தால் முழு மின்னேற்றம் உள்ளது. அத்தகைய பாட்டரி, ஸ்டார்ட்டர் சுற்றும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே வெகுவாக இறங்கினால் அதைச் சந்தேகிக்கலாம். எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 14 வோல்ட்டையொட்டி இருக்க வேண்டும். ஏறவே இல்லையெனில் ஆல்ட்டர்னேட்டரையோ அதன் பெல்ட்டையோ பார்க்க வேண்டும். இந்நிலையில் புதுப் பாட்டரி போட்டு என்ன பயன்?

சிலர் எஞ்சின் ஓடும்போதே பாட்டரி இணைப்பைக் கழற்றிச் சோதிக்கிறார்கள். பழைய டைனமோ வண்டிகளின் காலத்து வழக்கம் இது. இன்றைய கார்களில் அப்போது எழும் மின்னழுத்த எழுச்சி மின்னணுக் கருவிகளைக் கெடுத்துவிடக்கூடும். ஆகவே கூடவே கூடாது.

இது பணத்தைப் பற்றிய செய்தி மட்டுமன்று. கார்ப் பாட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். பாதுகாப்பின்றி உருக்கினால் அது காற்றிலும் மண்ணிலும் கலந்து, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பழைய பாட்டரிகளைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்களே கையாள வேண்டும் என்கின்றன 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள். நல்ல பாட்டரியைத் தவறாக ஒதுக்கும் ஒவ்வொரு முறையும் இந்த நச்சுச் சுமையை நாம் வீணே கூட்டுகிறோம்.

உயர்நிலைப் பள்ளி ஒவ்வொன்றிலும் மல்ட்டிமீட்டர் ஒன்றும், பழைய ஸ்டார்ட்டர், ஆல்ட்டர்னேட்டர் ஒவ்வொன்றும் இருக்க வேண்டும் என்பேன். இரும்புக் கடையில் கிடைக்கும் இவற்றைவிடச் சிறந்த மின்னியல் பாடம் எது? எங்கள் பகுதிப் பிள்ளைகள் பலர் நாளை கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இயந்திரங்களுக்கு முன் நிற்கப் போகிறவர்கள். பழுதான உறுப்பை மாற்றத் தெரிந்தால் மட்டும் போதாது. பழுது எது என்று அறியவும் தெரிய வேண்டும்.

நீங்களும் அளந்து பார்க்கலாம், ஆனால் பெரியவர் ஒருவர் துணையோடு. கியர் நடுநிலையில், கைப்பிரேக் போட்டிருக்கட்டும். பாட்டரியில் அமிலமும் எரியக்கூடிய ஹைட்ரஜனும் உண்டு, தீப்பொறி ஆகாது. மீட்டரை வோல்ட் அளவில் மட்டுமே வையுங்கள். பிறகு பாட்டரி குற்றவாளியா, நிரபராதியா என்று நீங்களே சொல்லுங்கள்!