சர்டிபிகேட்டைக் காட்டு!

அமெரிக்காவில் ஜனாதிபதி ஆக மூன்று தகுதி வேண்டும். வயது 35 ஆகியிருக்க வேண்டும். 14 ஆண்டு அந்த நாட்டில் குடியிருந்திருக்க வேண்டும். மூன்றாவது, பிறப்பிலேயே அந்த நாட்டுப் பிரஜையாக இருக்க வேண்டும். இடையில் மனுப் போட்டுப் பிரஜை ஆனவருக்கு அந்த நாற்காலி கிடையாது. துணை ஜனாதிபதிக்கும் இதே சட்டம்தான்.

வம்பெல்லாம் இந்த மூன்றாவதில்தான்!

படைத் தலைமை வெளிநாட்டான் கைக்குப் போய்விடக்கூடாது என்று 1787-ல் ஜான் ஜே, ஜார்ஜ் வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதினார். அந்தப் பயத்தில் "பிறப்பால் பிரஜை" என்று சட்டத்தில் சேர்த்தார்கள். அப்படியென்றால் யார் என்று ஒரு வரி விளக்கம் கிடையாது.

பாதி விளக்கத்தைப் பிறகு ஒரு சமையல்காரர் வாங்கிக் கொடுத்தார். பெயர் வோங் கிம் ஆர்க். சான்பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். தாய் தகப்பன் சீனாக்காரர்கள். 1895-ல் சீனா போய்விட்டுக் கப்பலில் திரும்பினார். "நீ அமெரிக்கன் இல்லை" என்று உள்ளே விட மறுத்தார்கள். மனுஷன் விடவில்லை. சுப்ரீம் கோர்ட்டு வரை போனார். 1898-ல் தீர்ப்பு. 6 நீதிபதிகள் அவர் பக்கம், 2 பேர் எதிர்ப்பு. தாய் தகப்பன் யாராக இருந்தாலும், அமெரிக்க மண்ணில் பிறந்தவன் அமெரிக்கப் பிரஜை! தூதர் வீட்டுப் பிள்ளை போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. ஜனாதிபதி பதவி பற்றிய வழக்கு அல்ல அது. ஆனாலும் பிறப்பால் பிரஜை யார் என்ற பேச்சு வந்தால், இன்றும் எல்லோரும் புரட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான்.

1968-ல் போட்டிக்கு வந்த ஜார்ஜ் ரோம்னி மெக்சிகோவில் பிறந்தவர். 2008-ல் நின்ற மெக்கெய்ன் பனாமா கால்வாய்ப் பகுதியில் பிறந்தவர். 2016-ல் டெட் குரூஸ், கனடாவில் பிறந்தவர். இவர்களிடம் கேள்வி கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை. பிறந்த இடம் அப்படி. மெக்கெய்னுக்காக செனட் சபை தீர்மானமே போட்டுக் கொடுத்தது.

ஒபாமா பிறந்தது ஹவாய்த் தீவில், 1961-ல். ஹவாய் 1959-லேயே அமெரிக்காவின் மாநிலம் ஆகிவிட்டது. அப்புறம் என்ன சந்தேகம்? ஆனாலும் விடவில்லை. 2008-ல் சர்டிபிகேட் காட்டினார். போதாது என்றார்கள். ஜனாதிபதி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே 2011-ல் முழு சர்டிபிகேட்டையும் எடுத்துக் காட்ட வேண்டியதாயிற்று. ரேஷன் கார்டுக்குத் தாலுகா ஆபீசில் அலைந்தவனுக்குத்தான் இந்த வயிற்றெரிச்சல் புரியும்! கிளறிக்கொண்டே இருந்த டிரம்ப், 2016 செப்டம்பரில் "ஒபாமா அமெரிக்காவில்தான் பிறந்தார்" என்று ஒப்புக்கொண்டார்.

அடுத்து மாட்டியது நம்ம சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள். கமலா ஹாரிஸ் பிறந்தது கலிபோர்னியா மாநிலம் ஓக்லாந்தில், 1964-ல். 2020-ல் அவரைத் துணை ஜனாதிபதி வேட்பாளராக அறிவித்ததும், "தாய் தகப்பன் அப்போது பிரஜைகளா?" என்று ஒரு சட்டப் பேராசிரியர் பேனாவை எடுத்தார். 122 வருஷத்துக்கு முந்தைய தீர்ப்பு அவருக்குத் தெரியாதா என்ன? கமலா பதவி ஏற்றார், நான்கு ஆண்டு இருந்தார். 2024-ல் ஜனாதிபதி தேர்தலில் தோற்றார். அது ஓட்டுப் பெட்டி சொன்னது, அதில் நமக்கு வழக்கில்லை.

வெளியே பிறந்தவரிடம் சர்டிபிகேட் கேட்டால் அது சட்டம். உள்ளே பிறந்த கறுப்பரிடமும் இந்திய வம்சாவளியினரிடமும் கேட்டால் அது நிறம் பார்க்கிற வேலை. இதை மூடி மறைக்க வேண்டியதில்லை. நாம் மட்டும் யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. நம்ம அரசியல் சட்டத்தின் 58-வது ஷரத்து, ஜனாதிபதி இந்தியப் பிரஜையாக இருக்க வேண்டும் என்கிறதே தவிர, எங்கே பிறந்தார் என்று கேட்கவில்லை. அப்படியும் சோனியா காந்தி பிறந்த ஊரை வைத்து 1999-ல் காங்கிரசே உடைந்தது.

2025 ஜனவரி 20-ந் தேதி டிரம்ப் மறுபடி பதவி ஏற்றார். அன்றைக்கே ஓர் ஆணையில் கையெழுத்துப் போட்டார். தாய் தற்காலிக விசாவில் இருந்து, தகப்பன் பிரஜையாகவோ நிரந்தரக் குடியுரிமை உள்ளவராகவோ இல்லாவிட்டால், அங்கே பிறக்கும் குழந்தை பிரஜை இல்லையாம்! கோர்ட்டுகள் அடுத்தடுத்துத் தடை போட்டன.

மகள் பிரசவத்துக்கு மீனம்பாக்கத்தில் விமானம் ஏறுகிற அம்மாக்கள் நம்ம ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு. படிக்கவும் வேலைக்கும் போன பிள்ளைகள்தான் அவர்கள். 1958-ல் சியாமளாவும் அப்படித்தான் போனார். அவர் மகளுக்குக் கிடைத்த உரிமை இவர்கள் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும்.