மீட்டரை நம்புமுன் சக்கரத்தை அளந்து பாருங்கள்



முதலில் ஒரு திருத்தம். கடந்த மூன்று மாதமாகக் காலைதோறும் நம் குடும்பக் குழுவில் "இன்று 20 கிலோமீட்டர்" என்று போட்டுவந்தேன் அல்லவா? அது 20 இல்லை, 18. நீங்கள் அனுப்பிய கைதட்டல்களில் பத்தில் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். என் சர்க்கரை அளவைப் பார்க்கும் டாக்டரிடமும் இதே கணக்கைத்தான் சொல்லியிருந்தேன். அவரிடம் நேற்றே போய் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

மகள் வாங்கிக்கொடுத்த மவுண்டன் பைக் அது. சக்கரம் 26 அங்குலம். கடையிலேயே சைக்கிள் கம்ப்யூட்டரையும் மாட்டிக் கொடுத்தார்கள். நெடுஞ்சாலையில் போகும்போது கிலோமீட்டர் கற்களை எண்ணுவது எனக்குப் பழைய பழக்கம். போன வாரம் ஒரு கல்லில் தொடங்கி 9 கிலோமீட்டர் தள்ளியிருந்த கல்லில் நின்று பார்த்தால், மீட்டர் 10 என்கிறது. கல் பொய் சொல்லாது. வீட்டுக்கு வந்து அமைப்புகளைத் திறந்தேன். சக்கரச் சுற்றளவு 2288 மி.மீ. என்று இருந்தது. அது 29 அங்குலச் சக்கரத்துக்கான எண்!

இந்தக் கருவிக்குத் தூரம் தெரியாது. எண்ண மட்டும்தான் தெரியும். சக்கரக் கம்பியில் ஒரு காந்தம், முன் ஃபோர்க்கில் ஒரு சென்சார். காந்தம் ஒரு தடவை கடந்தால் ஒரு சுற்று. சுற்றுகளின் எண்ணிக்கையை நாம் கொடுத்த சுற்றளவால் பெருக்கிக் காட்டும், அவ்வளவுதான். நாம் தப்பாகக் கொடுத்தால் அது தப்பையே துல்லியமாகப் பெருக்கும்.

"26 அங்குலத்தை 22/7-ஆல் பெருக்கினால் போதாதா ஐயா?" என்று வகுப்பில் முன்வரிசைப் பையன் கேட்பான். பெருக்கினால் 207 செ.மீ.க்குச் சற்று மேல் வரும். ஆனால் 26 என்பது பெயரளவுதான். டயரின் பருமன், காற்று, உங்கள் எடை எல்லாம் சேர்ந்து அதை மாற்றும். அதனால் இப்படிச் செய்யுங்கள். டயரில் சரியான காற்று அடித்து, சிமெண்ட் தரையில் வால்வு நேர் கீழே வரும்படி நிறுத்தி, அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். சீட்டில் உட்கார்ந்தபடியே வண்டியை நேராக உருட்டுங்கள். மூன்று சுற்று முடிந்து வால்வு மறுபடி கீழே வந்ததும் இன்னொரு கோடு. இடையில் உள்ள தூரத்தை மூன்றால் வகுங்கள். எனக்கு 618 செ.மீ. வந்தது, வகுத்தால் 206. ஆகவே 2060 என்று பதிந்தேன். இப்போது மீட்டரும் கல்லும் ஒத்துப்போகின்றன.

எதை வாங்குவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். என் கருத்து: நம்மைப் போல் சாலையிலும் மண்பாதையிலும் ஓட்டுபவர்களுக்குச் சில நூறு ரூபாயில் கிடைக்கும் வயர் வைத்த சாதாரண மீட்டரே போதும். ஜிபிஎஸ் கருவிக்குப் பல ஆயிரம் ஆகும். வழி தெரியாத ஊரில் ஓட்டுபவருக்கு அது தேவைதான். ஆனால் அது இடையிடையே எடுத்த புள்ளிகளை இணைத்துத் தூரம் சொல்கிறது. அடர்ந்த மரநிழலிலும், ஏலகிரி போன்ற கொண்டை ஊசி வளைவுகளிலும் அது வளைவை வெட்டிக் குறுக்கே போகக்கூடும். சக்கரம் அப்படிப் போகாது. காட்டுப்பாதையில் புதர்களுக்குள் ஓட்டுகிறவர்கள் மட்டும் வயர் இல்லாததை வாங்குங்கள். கிளையில் சிக்கி வயர் அறுந்துவிடும்.

மவுண்டன் பைக்கில் மாட்டும்போது மூன்றைக் கவனியுங்கள். ஒன்று, முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங் இருப்பதால், சென்சாரைச் சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் கீழ்க்குழாயில்தான் கட்ட வேண்டும். காந்தத்துக்கும் அதற்கும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். காந்தத்தை மேலே வைத்தாலும் கீழே வைத்தாலும் கணக்கு மாறாது. ஒரு சுற்று ஒரு சுற்றுதான். இரண்டு, டிஸ்க் பிரேக் இருந்தால் வயர் டிஸ்க் பக்கம் போகவே கூடாது. மூன்று, பிரேக் வயரை ஒட்டி மீட்டர் வயரைக் கொண்டுபோய்க் கட்டும்போது கொஞ்சம் தளர்வு விடுங்கள். ஃபோர்க்கை நன்றாக அமுக்கி, ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். எங்கும் இழுக்காவிட்டால் கட்டை இறுக்குங்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு இதையும் சொல்லாவிட்டால் நான் ஆசிரியன் இல்லை. என் தம்பி மகன் போன வருடம் இறக்கத்தில் வேகம் 40-ஐத் தொடுகிறதா என்று மீட்டரைப் பார்த்துக்கொண்டே போனான். எதிரே இருந்த வேகத்தடையைப் பார்க்கவில்லை. காரை எலும்பு முறிந்து ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தான். தலைக்கவசம் இருந்ததால் பிள்ளை பிழைத்தான். அவன் அம்மா அன்று ஆஸ்பத்திரி வாசலில் அழுததை நான் மறக்கவில்லை. வண்டி ஓடும்போது கண் சாலையில் இருக்கட்டும். எண்ணை நின்ற பிறகு பாருங்கள். அது எங்கும் ஓடிப்போகாது.

எத்தனையோ வருடம் உங்களுக்கு மதிப்பெண் போட்டவன் நான். அதைப் போடும்போது என் அளவுகோல் சரியா என்று எத்தனை முறை சரிபார்த்தேன் என இந்த வாரம் யோசித்தேன். குறைவாக வாங்கியதால் வீட்டில் திட்டு வாங்கிய சிலரின் முகங்கள் நினைவுக்கு வந்தன. அவர்களும் இதைப் படிக்கிறார்கள் என்று நம்புகிறேன். உங்கள் வாத்தியாரின் மீட்டரும் தப்பாக இருந்திருக்கலாம், கண்ணுகளா.

மீட்டர் மாட்டியிருப்பவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சாக்பீஸ் எடுத்து அளந்து பாருங்கள். என்ன வந்தது என்று கீழே எழுதுங்கள். கூடவோ குறையவோ, உள்ளதைச் சொல்லுங்கள். நான் சொல்லிவிட்டேன்.

இன்றைய கணக்கு: 18.2 கிலோமீட்டர். இது அசல்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்