போர்வை விற்றுக் கட்டிய கூடம்

அமெரிக்காவின் அலபாமா மாநிலம், வில்காக்ஸ் மாவட்டத்தில் கறுப்பினத்தவரே பெரும்பான்மை. ஆனாலும் 1965 தொடக்கத்தில் அங்குள்ள வாக்காளர் பட்டியலில் அவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. பெயர் சேர்க்கப் போனவர்களை நிலக்காரர்கள் குடியிருந்த வீட்டிலிருந்தே துரத்தினார்கள். குத்தகைக்கும் வாரத்துக்கும் பயிரிட்ட குடும்பங்களுக்கு வீடும் நிலமும் ஒரே கையிலிருந்து வந்தன. இதை மறந்தால், அங்கே பெண்கள் கூடிப் போர்வை தைத்து விற்றது வெறும் கைவினைக் கதையாகிவிடும்.

பழைய வேலைத்துணிகளை வெட்டி ஒட்டுப்போர்வை தைப்பது அவர்களுக்குக் குளிருக்கான ஏற்பாடு. மேல்துணியை ஒருத்தி தன் மனம்போலத் தனியே சேர்ப்பாள். பஞ்சு வைத்துச் சட்டத்தில் பூட்டித் தைக்கும்போது அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிடுவார்கள். கொடியில் தொங்கிய இப்போர்வைகளை 1965 கடைசியில் பார்த்த பாதிரியார் ஃபிரான்சிஸ் வால்டர், ஒன்றுக்கு 10 டாலர் கொடுத்து வாங்கி நியூயார்க்கில் ஏலத்துக்கு அனுப்பினார். 1966 மார்ச்சில் ‘ஃப்ரீடம் குயில்டிங் பீ’ என்ற கூட்டுறவு அமைப்பு பிறந்தது. அதை நெடுங்காலம் நடத்தியவர் எஸ்டெல் விதர்ஸ்பூன்.

ஏலத்தில் வாங்கியவர்களுக்கு நல்ல மனசு இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் இரக்கத்தில் வாங்குபவர் ஒருமுறை வாங்குவார். அடுத்த ஆண்டு அவருடைய இரக்கம் வேறொரு ஊருக்குப் போய்விடும். நவநாகரிக மோகத்தின் ஆயுளோ அதைவிடக் குறைவு. அந்தப் பெண்கள் வந்த பணத்தை முழுக்கப் பங்கு போட்டுச் சாப்பிட்டுவிடாமல் நிலத்தில் போட்டார்கள். அமைப்பு 23 ஏக்கர் வாங்கியது. 1969-இல் மார்ட்டின் லூதர் கிங் பெயரில் அங்கே தையற்கூடம் எழுந்தது. அதே நிலத்தில் எட்டு மனைகளை, துரத்தப்பட்ட குடும்பங்களுக்கு விற்றார்கள். வாக்களித்ததற்காக இனி யாரும் வெளியேற்ற முடியாத மனைகள் அவை. நிதி திரட்டும் கைவினை விற்பனைகளைப் பற்றிப் பேசும்போது நாம் எவ்வளவு வசூலானது என்று கேட்கிறோம். வசூல் யார் பெயரில் பத்திரமானது என்பதே அதைவிடப் பெரிய கேள்வி.

கூடம் கட்டினால் அதை நடத்தவும் வேண்டும். மின்கட்டணத்துக்கும் கூலிக்கும் மாதாமாதம் வேலை வேண்டும். 1972-இல் சியர்ஸ் என்ற பெரிய சில்லறை வணிக நிறுவனத்துக்குக் கார்டுராய் துணியில் தலையணை உறை தைக்கும் ஒப்பந்தம் வந்தது. ஒரே அளவு, ஒரே தையல்; ஒருத்தியின் விருப்பத்துக்கு அதில் இடமில்லை. கலை தொழிற்சாலையாகிவிட்டதே என்று இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்த வருத்தம் கொஞ்சம் சுகமான வருத்தமாகத் தோன்றுகிறது. வயல் வேலை தவிர வேறு கூலி அரிதான ஊரில் சம்பளக் கவர் வாங்கிய பெண்ணுக்கு அந்த உறை ஏன் இழிவாக வேண்டும்?

சியர்ஸ் வேலையில் மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகள் வீட்டுக்குப் போய் அவரவர் போர்வைகளில் சேர்ந்தன. 2002-இல் ஹூஸ்டனில் தொடங்கி நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்துக்குப் போன, அதே வில்காக்ஸ் மாவட்டத்து ஊரான ‘ஜீஸ் பெண்ட்’ பெயரிலான போர்வைக் கண்காட்சியில் அப்படிப்பட்ட கார்டுராய்ப் போர்வைகளும் இருந்தன. அதாவது தொழிற்சாலையே கலைக்குத் துணி கொடுத்தது.

ஆனால் அந்தக் கண்காட்சியால் விலை ஏறியதெல்லாம் தனித்தனிப் பெண்களின் போர்வைகளுக்குத்தான், கூட்டுறவுக்கு அல்ல. உறுப்பினர்கள் முதுமையடைய, 2012-இல் அமைப்பு மூடப்பட்டது. தோல்வி என்று இதைச் சொல்லிவிட முடியாது. எட்டு மனைகள் யாருடைய தயவையும் எதிர்பார்க்காமல் கைமாறிவிட்டிருந்தன.