40 ரூபாய் பல்பும் 11,260 ரூபாய் இஎம்ஐ-யும்

இன்னைக்கு மியூச்சுவல் ஃபண்ட் இல்லை, டாக்ஸ் இல்லை. ஒரு பிரேக் லைட் பத்திப் பேசப்போறேன். கடைசியில் இதுவும் பண விஷயம்தான், கொஞ்சம் பொறுமையா படிங்க.

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, மணலியில் ஒரு கிளையன்ட் ஆபீஸில் ஆடிட் முடிச்சிட்டு திருவொற்றியூருக்குத் திரும்பிட்டு இருந்தேன். வடசென்னைக்காரங்களுக்கு அந்த ரோடு எப்படின்னு தெரியும். முன்னாடி கன்டெய்னர் டிரெய்லர், பின்னாடி கன்டெய்னர் டிரெய்லர், நடுவுல நம்ம கார். முன்னாடி போன வண்டி சட்டுனு நின்னுச்சு. நானும் பிரேக் அடிச்சேன். பின்னாடி டயர் தேயுற சத்தம். கண்ணாடி முழுக்க டிரெய்லரோட ஹெட்லைட். என் டிக்கிக்கும் அதோட பம்பருக்கும் நடுவுல ஒரு ஆள் நிக்கிற அளவுதான் இடம் இருந்துச்சு.

டிரைவர் இறங்கி வந்தார். அம்பது வயசு இருக்கும். திட்டப்போறார்னு நினைச்சேன். அவருக்கே கை நடுங்கிட்டு இருந்துச்சு. "இன்னா தம்பி, பிரேக் லைட்டு ரெண்டுமே எரியல. நீ பிரேக் போட்டது எனக்கு எப்படித் தெரியும்? லோடு வண்டி இது, நெனச்ச இடத்துல நிக்காது" என்றார்.

உண்மையைச் சொல்லிடறேன். வலது பக்க பிரேக் லைட் எரியலைன்னு எனக்கு ரெண்டு மாசம் முன்னாடியே தெரியும். "அடுத்த சர்வீஸ்ல பார்த்துக்கலாம்"னு விட்டுட்டேன். இடது பக்கமும் எப்போ போச்சுன்னு தெரியாது. என்னோடது 2012 மாடல், பேஸ் வேரியன்ட். பின் கண்ணாடிக்கு மேல இருக்கிற மூணாவது பிரேக் லைட் அதில் கிடையாது. கிளையன்ட்டுக்கு ஒரு நாள் தாமதமா ரிட்டர்ன் போட்டா லேட் ஃபீஸ் எவ்வளவுன்னு மனப்பாடமா சொல்ற ஆள் நான். என் சொந்தக் காரில் ரெண்டு மாசம் லேட்.

பயத்தில் எடுத்த முடிவு

மறுநாள் காலையில் ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். "லேம்ப் அசெம்பிளியே மாத்திடலாம் சார், வயரிங்கும் பழசு" என்று சொல்லி 6,800 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தாங்க. கூடவே, "இந்த வண்டிக்கு இன்னும் எதுக்கு சார் செலவு பண்றீங்க? எக்ஸ்சேஞ்ச் போட்டுடுங்க" என்றார் அங்கே இருந்தவர். முந்தின ராத்திரி பயம் இன்னும் போகலை. வீட்டுக்கு வந்ததும் கார் லோன் கால்குலேட்டரைத் திறந்துட்டேன்.

7 லட்சம் லோன், 9 சதவீத வட்டி, 7 வருஷம். இஎம்ஐ சுமார் 11,260 ரூபாய். மொத்த வட்டி மட்டும் கிட்டத்தட்ட 2.46 லட்சம். டவுன் பேமென்ட், புது இன்சூரன்ஸ் எல்லாம் தனி. என் பிரச்சினை என்ன? ரெண்டு லைட் எரியலை. அதுக்கு நான் தேடின தீர்வு ஏழு வருஷக் கடன்.

சாயங்காலம் திருவொற்றியூர் தேரடி பக்கத்தில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட போனேன். பல்பைக் கழட்டிப் பார்த்தார். ரெண்டுலயும் பிரேக் இழை அறுந்திருந்தது. ஹோல்டரில் பச்சையா பாசம் பிடிச்சிருந்தது. "கடல் காத்து அண்ணே, இங்க ஓடுற எல்லா வண்டியிலயும் இதான்" என்று சொல்லிட்டே உப்புத்தாளால் தேய்த்தார். பல்பு ஒன்று 40 ரூபாய், ரெண்டுக்கு 80. கூலி 200. மொத்தம் 280 ரூபாய். இருபது நிமிஷ வேலை.

நீங்களே கண்டுபிடிக்கலாம்

பழைய கார்கள் பலதில் பின்னாடி இருக்கிறது 12 வோல்ட், 21/5 வாட் பல்பு. ஒரே கண்ணாடிக்குள்ள ரெண்டு இழை. 5 வாட் இழை ராத்திரி எரியுற டெயில் லைட்டுக்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. அதனால்தான் நான் ஏமாந்தேன். பார்க்கிங்கில் பின்னாடி சிவப்பா எரியுதேன்னு நிம்மதியா இருந்தேன். எரிஞ்சது டெயில் லைட் இழை, அறுந்தது பிரேக் இழை.

ஒரு பக்கம் மட்டும் எரியலைன்னா பெரும்பாலும் பல்பு, இல்லைன்னா ஹோல்டர். எல்லா பிரேக் லைட்டும் ஒரே நேரத்தில் போனா முதல்ல ஃபியூஸையும், பிரேக் பெடலுக்கு மேல இருக்கிற சுவிட்சையும் பார்க்கச் சொல்லுங்க. பிரேக் அடிக்கும்போது மங்கலா எரிஞ்சா, இல்லை பக்கத்து லைட்டும் சேர்ந்து மினுக்கினா, எர்த் சரியில்லைன்னு அர்த்தம். எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு, ராயபுரம் பக்கம் வண்டி நிறுத்துறவங்க புது பல்பு போடும்போதே ஹோல்டரையும் சுத்தம் பண்ணச் சொல்லிடுங்க. இல்லைன்னா புது பல்பும் எரியாது, "வயரிங் போச்சு"ன்னு அடுத்த எஸ்டிமேட் வரும்.

பழைய பல்பைக் கையோடு கடைக்கு எடுத்துட்டுப் போங்க. ரெண்டு இழை பல்பில் பக்கவாட்டு ஊசிகள் ஒரே உயரத்தில் இருக்காது, ஒற்றை இழை பல்பு அதில் பொருந்தாது. அசெம்பிளியே உடைஞ்சிருந்தா ஜி.பி. ரோட்டில் புதுசும், புதுப்பேட்டையில் பழசும் விலை விசாரிச்சிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

இன்சூரன்ஸ் கிளைம் பண்ணலாமா?

இந்தக் கேள்வி கண்டிப்பா வரும். பல்பு தானா எரிஞ்சு போனா கிளைம் கிடையாது. தேய்மானம், எலக்ட்ரிக்கல் பிரேக்டவுன் ரெண்டுமே சாதாரண கார் பாலிசியில் விலக்கு.

சரி, யாரோ இடிச்சு லேம்ப் உடைஞ்சதுன்னு வெச்சுக்கோங்க. புது லேம்ப் விலை 2,400 ரூபாய். பிளாஸ்டிக் பாகத்துக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பாங்க. மிச்சம் 1,200. 1500 சிசி வரைக்கும் உள்ள காருக்கு கட்டாய டிடக்டிபிள் 1,000 ரூபாய். உங்க கைக்கு வர்றது 200 ரூபாய்.

இப்போ இழக்கிறதைப் பாருங்க. ஐந்து வருஷம் கிளைம் இல்லாம ஓட்டியிருந்தா நோ கிளைம் போனஸ் 50 சதவீதம். ஓன் டேமேஜ் பிரீமியம் 5,000 ரூபாய்னா நீங்க கட்டுறது 2,500. ஒரு கிளைம் போட்டா போனஸ் பூஜ்யம். அப்புறம் 20, 25, 35, 45, 50-ன்னு மறுபடி முதல் படியிலிருந்து ஏறணும். பிரீமியம் மாறலைன்னு வெச்சாலும் அடுத்த ஐந்து வருஷத்தில் கூடுதலா போறது 2,500 + 1,500 + 1,250 + 750 + 250. மொத்தம் 6,250 ரூபாய். 200 ரூபாய் வாங்க 6,250 ரூபாய் கொடுக்கிறோம். ஜீரோ டெப் பாலிசி இருந்தாலும், கிளைம் போடுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கை ஒரு தடவை பேப்பரில் எழுதிப் பாருங்க.

விளக்கு எரியலைன்னா யார் பொறுப்பு?

போலீஸ் பிடிச்சா மோட்டார் வாகனச் சட்டம் 177-வது பிரிவில் முதல் தடவை 500 ரூபாய் வரை அபராதம், மறுபடி மாட்டினா 1,500 வரை. 500 ரூபாய்க்கு பன்னிரண்டு பல்பு வாங்கலாம். ஆனா எனக்கு அது பெரிய விஷயமா தெரியலை.

பின்னாடி வந்து இடிச்சவன் மேலதான் தப்புன்னு நாம எல்லாரும் நம்பிட்டு இருக்கோம். கோர்ட் அப்படி மட்டும் பார்க்கிறதில்லை. விளக்கு எதுவும் போடாமல் ரோட்டில் நிறுத்தியிருந்த ஒரு டேங்கர் மேல பின்னாடி வந்த கார் மோதின வழக்கு ஒண்ணு உச்ச நீதிமன்றம் வரை போனது. உயர் நீதிமன்றம் ரெண்டு பக்கமும் பாதிப் பாதி தப்புன்னு சொன்னதை 2018-ல் உச்ச நீதிமன்றம் மாத்தி, முழுப் பொறுப்பும் டேங்கர் மேலதான்னு சொன்னது. நின்ன லாரியும் ஓடுற காரும் ஒண்ணு இல்லைதான். ஆனா உங்க பக்கமும் அலட்சியம் இருந்ததுன்னு நிரூபிச்சா, உங்களுக்கு வர வேண்டிய நஷ்டஈட்டில் அந்தப் பங்கைக் கழிக்க முடியும். அன்னைக்கு அந்த டிரெய்லர் நிக்காம இருந்திருந்தா, என் குடும்பத்துக்கு வர வேண்டிய பணத்தில் 40 ரூபாய் பல்பு ஒரு பங்கை எடுத்திருக்கும். அந்த டிரைவரோட நிலைமையும் என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சா இன்னும் தூக்கம் வரலை.

அப்போ பழைய காரையே ஓட்டணுமா?

என் கருத்து இதுதான். லோன் முடிஞ்ச பழைய கார் உங்களுக்கு மாசம் 11,260 ரூபாய் மிச்சம் பண்ணிக் கொடுக்குது. அதில் ஒரு சின்னப் பங்கை அந்தக் காருக்கே திருப்பிக் கொடுங்க. மாசம் 1,500 ரூபாய் தனியா ஒரு ஆர்டி-யில் போட்டா வருஷத்துக்கு 18,000. பல்பு, பேட்டரி, பிரேக் பேட், டயர் எல்லாம் அதிலிருந்து. பணம் தயாரா இருந்தா "அடுத்த சர்வீஸ்ல பார்த்துக்கலாம்"னு மனசு சொல்லாது.

மாத்த வேண்டிய நேரமும் உண்டு. 15 வருஷம் முடிஞ்சா எஃப்சி எடுத்து ஆர்சி-யைப் புதுப்பிக்கணும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆச்சு, மேல பசுமை வரியும் உண்டு. அடிப்பாகம் துரு பிடிச்சு ஓட்டை விழுந்திருந்தா, தினமும் குழந்தையோட லாரி ரோட்டில் போற காரில் ஏர்பேக், ஏபிஎஸ் ரெண்டுமே இல்லைன்னா, மாத்துங்க. அதுக்கு நான் தடை சொல்ல மாட்டேன். ஆனா முடிவை ஒரு மாசம் கணக்குப் போட்டுப் பார்த்து எடுங்க, பயந்துபோன மறுநாள் காலையில் எடுக்காதீங்க.

கடைசியா ஒரு வேலை. இன்னைக்கு ராத்திரி வண்டியை ஏதாவது ஒரு சுவர் பக்கமா பின்னாடி ஒட்டி நிறுத்துங்க. பிரேக்கை மிதிச்சுட்டு கண்ணாடியில் பாருங்க. சுவரில் ரெண்டு பக்கமும் சிவப்பு வெளிச்சம் பளிச்சுனு கூடணும். ஒரு பக்கம் கூடலைன்னா, நாளைக்கு ஆபீஸ் போற வழியிலேயே எலக்ட்ரீஷியன் கடையில் நிறுத்துங்க. நான் இப்போ மாசா மாசம் சம்பள நாள் அன்னைக்கு இதைப் பண்றேன். நீங்களும் பண்ணிட்டு, உங்க வண்டியில் என்ன எரியலைன்னு கமெண்ட்ல சொல்லுங்க.